இடை உண்டா இல்லையா

விடிகாலை ஐந்து நாற்பதுக்குக் கடல் வற்றும் என்றது அட்டவணை.
ஆறேகாலுக்குத்தான் வற்றியது.
பினாங்குப் பாலத்துக்கு வடக்கே, ஜெலுத்தோங் கரைக்கு எதிரே
நடுத்திட்டு தலை தூக்கிய கொஞ்ச நேரத்தில்
முழங்கால் சேற்றில் நின்று பொறுக்கினோம்,
நெற்றி விளக்கோடு நானும்
பீடி அணையாமல் படகோட்டி மாட் நாயானும்.

அவருக்கு எல்லாமே 'சாரே'.
"வெந்நீரில் முக்கி, வறுத்த தேங்காய் போட்டுக்
கெராபு பிசைந்துவிட்டால்
எது எந்தச் சாதி என்று யாருக்குத் தெரியும்?"
சொல்லிக்கொண்டே என் பைக்கு ஒரு கை,
தன் வாளிக்கு ஒரு கை.

சிவப்புப் பாசி என்று பெயர்; சிவப்பு இல்லை.
வெயிலில் கிடந்தது வைக்கோல்.
கற்சந்தில் ஒளிந்தது துவைத்தும் போகாத ரத்தக் கறை.
நிறத்தை நம்பாதே.
நீளத்தையும்தான்: நீரோட்டம் இழுத்தால் எதுவும் நீளும்.

குளுகோர் ஆய்வகம். வெள்ளைத் தட்டு. இரண்டு விரல் உயரத் தண்ணீர்.
பின்னிக் கிடந்தவை ஒவ்வொன்றாய் அவிழ்கின்றன.
பார்க்க வேண்டியது கிளை பிறக்கும் இடம்.
ஒன்றில், தண்டை விட்டு நீங்கும்போதே
நூலாய் ஒடுங்கி, சட்டென்று பருத்து,
பிறகு நுனிவரை கூர்ந்துகொண்டே போகிறது.
இன்னொன்றில் ஒடுக்கமே கிடையாது,
வந்த பருமனிலேயே வெளியே வருகிறது.

இடை உண்டா இல்லையா என்று
பழம்புலவர்கள் ஐயுற்றதற்குப் பரிசில் வாங்கினார்கள்.
எனக்கு மாதச் சம்பளம்.

மூன்றாவது ஒரு கட்டுத்தான் வம்பு.
சில கிளைகளில் இடை, சிலவற்றில் இல்லை,
ஒன்றிரண்டில்
இருக்கலாம்.

சவர பிளேடால் குறுக்கே சீவினேன்.
ஆறாவது சீவலில் விரல், ஏழாவதில் பாசி.
நீலச் சாயம் ஒரு சொட்டு.
நடுவில் கூடம் கூடமாய்ப் பெரிய அறைகள், விளிம்பில் குருணை.
பெருசு சிறுசானது படிப்படியாகவா, திடுதிப்பென்றா?
காலையில் படிப்படியாக.
சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திடுதிப்பென்று.

ஓர் ஆண் செடி கிடைத்தால் போதும்.
அதன் தோலில் உள்ள குழி ஆழமா மேலோட்டமா,
அதோடு வழக்கு முடியும்.
முப்பத்தொரு கட்டு புரட்டினேன்.
பெண்கள் இருந்தார்கள், உடம்பெல்லாம் பருக்கள் போல் கருமேடுகளோடு.
ஆண் ஒன்றுகூட இல்லை.

"மரபணுவுக்கு அனுப்பு, கண்ணைக் கெடுத்துக்காதே" என்றாள் பெங் ஹூய்.
அனுப்பினேன்.
அது வரும்வரை சும்மா இருக்க முடியாமல்
அலமாரியில் பழைய தாள் ஒன்றை உருவினேன்.
பத்து மாவுங், இரண்டாயிரத்து ஒன்பது.
பசை தேவைப்படவில்லை அதற்கு,
தன் கொழகொழப்பாலேயே காகிதத்தில் ஒட்டிக்கொண்டது.
மூலையில் என் கையெழுத்து, ஐயமே இல்லாத இளம் கையெழுத்து.
லென்ஸை வைத்தேன்.
ஒவ்வொரு கிளையடியிலும் இடை.
கிள்ளி எடுத்ததுபோல் அத்தனை தெளிவாக.
நான் எழுதியிருந்ததோ இடையில்லாததன் பெயர்.

அழிக்கக் கூடாது. அதுதான் முறை.
பழைய பெயர் அங்கேயே இருக்கும்,
பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி
புதுப் பெயர், தேதி, திருத்தியவர் யார் என்று எழுத வேண்டும்.
திருத்தியவர்: குணவதி.
தமிழில் எனக்கு ஒரே 'கு'.
பிறப்புப் பத்திரத்தில் அது 'கே', அடையாள அட்டையில் 'ஜி'.
எந்த அலுவலகத்திலும் யாரும்
பக்கத்தில் சீட்டு ஒட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது:
மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி அனுப்பவும்.
மூன்றாம் கட்டின் அட்டையில்
இனம் என்று போட்டு இடம் விட்டேன், பென்சிலில்.

அன்று மாலை மாட் நாயான் ஒரு டப்பா கொண்டுவந்தார்.
கெராபு. அதே திட்டு, அதே காலை, அவருடைய வாளி.
நின்றபடியே ஒரு வாய் போட்டேன்.
தேங்காய்க்கும் எலுமிச்சைக்கும் நடுவில்
நறுக்கென்று பல்லில் பட்டது ஒரு கிளையடி.
ஒடுங்கியிருந்ததா?
நாக்கு திரும்பிப் பார்ப்பதற்குள்
விழுங்கிவிட்டேன்.